இங்க இல்ல, எங்கனா கீது

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருந்தது.

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை வண்டி. எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்குள் மகளிர் பெட்டியில் நிற்கத்தான் இடம் இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவர் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். எதிர் சீட்டில் இருந்த பூக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, காலங்காத்தால மீனு எடுத்துனு போறியா?"

"மீனு இல்லக்கா. இறாலு."

"வாசனையே வர்ல?"

"இறால்ல இருந்து எடுத்த என்சைமுக்கா. ஒரு சொட்டுதான் கீது. மத்ததெல்லாம் ஐசு."

"ஒரு சொட்டு இறாலா? அத்த வெச்சி எத்தினி பேருக்குக் கொழம்பு வெப்பாங்க?"

மகளிர் பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். டி.என்.ஏ. துண்டின் முனைகளைச் சரிசெய்ய இறாலிலிருந்து எடுத்த அந்த நொதியைப் பயன்படுத்துவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைவிட ஆச்சரியம், பெட்டிமேல் ஒட்டியிருந்த முகவரி. ஆராய்ச்சி மாணவியாக அன்று நான் போய்ச் சேரவேண்டிய நிறுவனத்தின் முகவரி அது. குனிந்து சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரை இடுப்பால் இடித்து நகர்த்தினார்.

"குந்து. பெட்டியோட அந்தாண்ட கைய நீ புடிச்சிக்கோ. சாயக்கூடாது."

அப்படித்தான் என் ஆராய்ச்சி வாழ்க்கை தொடங்கியது. ஒரு சொட்டு நொதிக்கு ஒரு பக்கக் கைப்பிடியாக.

அவர் அந்த நிறுவனத்தின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். எல்லோருக்கும் அவர் ஸ்டோர்ஸ் அக்கா. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் வண்டி ஏறுவார், வீடு பக்கத்தில் ஸ்கெலட்டன் என்ற பகுதியில். படித்தது பி.காம். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவர். ஆனால் மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்கள் பதினொன்று அவரை நம்பித்தான் ஓடின. ஆய்வகத்தில் தினமும் ஏதாவது ஒன்று தீர்ந்துபோகும். தீர்ந்துபோனது பெரும்பாலும் வெளிநாட்டில்தான் தயாராகும். வந்து சேர ஆறு வாரம் ஆகும். நமக்கோ நாளைக்கு வேண்டும். இந்த ஆறு வாரத்துக்கும் நாளைக்கும் நடுவில் நின்றவர் அவர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நடந்ததை அவரே எல்லோருக்கும் சொல்வார். ஒரு மாணவன் 'ப்ரைமர் வேண்டும்' என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தேவைப்படும் சின்னஞ்சிறு துணுக்கு அது. அக்கா நேராகப் பெயின்ட் கடைக்குப் போன் போட்டிருக்கிறார். கடைக்காரர் எத்தனை லிட்டர் என்று கேட்க, அக்கா மாணவனைக் கூப்பிட்டு எத்தனை லிட்டர் என்று கேட்க, அவன் தன் சீட்டையே வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம்.

"அவன் கேட்டது கண்ணுக்கே தெரியாதாம். நான் இருவது லிட்டரு போதுமான்னு கேட்டுனு இருக்கேன்" என்று சொல்லும்போது அக்காவின் உடம்பு முழுக்கக் குலுங்கும்.

அன்றிலிருந்து யார் எந்தச் சீட்டைக் கொண்டுவந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னாத்துக்கு?" பேராசிரியர்களுக்கு இது பிடிக்காது. வாங்கிக் கொடுக்கிறவருக்கு எதற்கு என்று எதற்குத் தெரியவேண்டும்? அக்கா விடமாட்டார். சொன்னால்தான் தேடமுடியும் என்பார்.

ஒருமுறை பக்கத்து ஆய்வகத்துப் பையன் ஒருவன் கண் சிவந்து வந்து நின்றான். புரதத்தைத் தாளில் ஒற்றியெடுத்துச் சோதிக்கிற வேலை. அந்தத் தாளில் வெற்றிடங்களை அடைக்கிற தூள் தீர்ந்துவிட்டது. கம்பெனி இரண்டு மாதம் என்கிறது.

"இன்னாத்துக்கு அந்தத் தூளு?"

"தாள்ல புரதம் இல்லாத இடத்துல ஆன்டிபாடி போய் ஒட்டிக்கும் அக்கா. ஒட்டாம இருக்க முதல்ல இதைப் பூசணும்."

"செவத்துக்கு முதல் கோட்டு அடிக்கிற மாதிரி. டப்பாவக் காட்டு."

டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருபது நிமிடத்தில் மளிகைக் கடையிலிருந்து கொழுப்பு நீக்கிய பால்பொடி ஒரு பாக்கெட்டோடு திரும்பிவந்தார்.

"இதான் அது. பேரு மட்டும் பெருசா வெச்சிகீறான். மீதி இருந்தா எனுக்கு டீ போட்டுக் குடு."

சோதனை சுத்தமாக வந்தது. அந்தக் கட்டிடத்தில் அதற்குப் பிறகு யாரும் அந்தத் தூளைக் கம்பெனியில் வாங்கவில்லை.

அவருக்குப் பொருள்களின் பெயர் வாயில் நுழையாது. குளிரையும் மூடியின் நிறத்தையும் வைத்துத்தான் நினைவு. "அந்த நீல மூடி, மைனஸ் இருவது, குலுக்கக்கூடாதது" என்பார். அவர் அப்பா சுரங்கத்தில் கேஜ் ஓட்டியவர். ஆட்களை மேலும் கீழும் கொண்டுபோகும் கூண்டு அது. ஸ்டோர்ஸில் இருந்த பெரிய உறைபெட்டியின் தட்டுகளை அக்கா லெவல் என்றுதான் சொல்வார். "மூணாவது லெவல்ல லெஃப்டுல பாரு" என்று குரல் வந்தால் அங்கே அது இருக்கும். மாலையில் கே.ஆர்.புரம் கூரியர் கிடங்கில் பார்சலை வாங்கிக்கொண்டு வண்டியேறினால், இரவு அது ஸ்கெலட்டனில் அவர் வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபகுதியில் தூங்கும். அதற்காகவே அங்கே கறி, மீன், ஐஸ்கிரீம் எதையும் வைக்க விட்டதில்லை. அவர் கணவர் ஒருநாள் ரயிலடியில் என்னிடம், "எங்க ஊட்டு ஃப்ரிட்ஜில ஐஸ் வாட்டர் கேட்டா கூட லெட்டர் குடுக்கணும்மா" என்றார்.

ஆனால் அக்காவை அக்காவாக ஆக்கியது இது எதுவும் இல்லை. அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் தனியாக வந்து நான் கேட்டதேயில்லை. "இங்க இல்ல" என்பார். அதை அவர் சொல்கிற விதத்திலேயே, வேறெங்கோ அது நமக்காக உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். "இங்க இல்ல, எங்கனா கீது" என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுப்பார். மற்ற நிறுவனங்களின் ஸ்டோர்ஸில் இருக்கும் ஆட்கள் அத்தனை பேரும் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. ஒருவரிடம் கன்னடம், ஒருவரிடம் தெலுங்கு, ஒருவரிடம் உருது, இன்னொருவரிடம் எந்த மொழி என்றே தெரியாத ஒன்று. யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "உங்க மூணாவது மாடி லேபுல ஒரு அம்மா இருந்தாங்களே, கல்யாணம் ஆகிப் போய்ட்டாங்களே, அவங்க வெச்சிருந்த ஆன்டிபாடி பெட்டி இன்னும் கீதா?" என்பார். இருக்கும். அந்த அம்மாவுக்கே மறந்துபோன பெட்டி அது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இல்லை என்று சொல்லத் தெரியாததால் சில சமயம் கிடைக்காத பொருளுக்கும் நம்பிக்கை கொடுத்துவிடுவார். ஒரு மாணவி இரண்டரை மாதம் காத்திருந்தாள். உலகத்திலேயே அந்த வேதிப்பொருளைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் ஸ்டோர்ஸ் வாசலில் நின்று கத்தினாள். "முதல்லயே இல்லைன்னு சொல்லியிருந்தா நான் வேற வழி பார்த்திருப்பேனே!" அக்கா அவள் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அன்று மாலை வண்டியில் பங்காரப்பேட்டை வரைக்கும் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். நான் இறங்கும்போது, "அந்தப் பொண்ணு சொன்னது கரெக்டு. ஆனா எனுக்கு வாய் வர்ல" என்றார். மறுநாளிலிருந்து சீட்டின் மூலையில் பென்சிலால் ஒரு தேதி எழுத ஆரம்பித்தார். அந்தத் தேதிக்குள் கிடைக்காவிட்டால் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள். அப்போதும் 'இல்லை' என்று எழுதவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். அக்கா எனக்கு யார் என்பதை அதை விட்டுச் சொல்லமுடியாது.

எங்கள் ஊரில் சயனைடு மேடுகள் உண்டு. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், குன்று குன்றாக. சயனைடு கலந்த அந்த மண்ணில் உயிரோடு இருக்கிற ஒரு பாக்டீரியாவை, எனக்கு முன்பு அதே ஆய்வகத்தில் இருந்த சீனியர் ஒருவர் கண்டெடுத்திருந்தார். அது சயனைடைத் தின்று வாழ்ந்தது. எந்த மரபணு அதற்கு அந்த வல்லமையைக் கொடுக்கிறது என்பதுதான் என் ஆய்வு. நான்கு ஆண்டு முடிந்து, அந்த மரபணு எது என்று ஏறக்குறையப் பிடித்துவிட்டேன். கடைசிச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அந்த ஒரு மரபணுவை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, பாக்டீரியா சயனைடில் சாகிறதா என்று பார்க்கவேண்டும்.

அந்த வாரம் ஆய்வகத்தில் உறைபெட்டியைச் சுத்தம் செய்தோம். உறைபனி ஏறி, பெயர் அழிந்துபோன குழாய்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. பெயர் இல்லாததையெல்லாம் ஒரு கூடையில் போட்டு, ஆட்டோகிளேவில் வைத்தோம். பிரஷர் குக்கர் மாதிரிதான் அது. உள்ளே போன எந்தக் கிருமியும் உயிரோடு வெளியே வராது. மறுநாள் என் பாக்டீரியாவின் குழாய்களைத் தேடினேன். பெட்டி காலி. அதற்குப் பிறகுதான் உறைத்தது. போன வருடம் பழையவற்றுக்குப் பதிலாக நான் புதிதாக எடுத்துவைத்த குழாய்களில் சாதாரணப் பேனாவால் எழுதியிருந்தேன். ஆல்கஹாலால் துடைத்தபோது எழுத்து அழிந்துவிட்டது. கூடையில் அள்ளிப் போட்டது என் கை. வேறு யாரும் இல்லை.

குளிர் அறையில் மிச்சமிருந்த தட்டுகளில் பச்சைப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஜெர்மனியில் இருந்த சீனியருக்கு எழுதினேன். தன்னிடம் நகல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

சாரிடம் சொல்லவில்லை. எங்கள் ஆய்வகத் தலைவர் குரலை உயர்த்தாதவர். அதனாலேயே இன்னும் பயம். இரண்டு நாள் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை வண்டியில் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா ஆச்சி?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேடு அங்கியேதானே கீது? போய் மண்ண அள்ளினு வந்து மறுபடி எடுத்துக்கலாமே?"

"எடுத்தா அதே ஜாதிக் கிருமி ஒண்ணு கிடைக்கும் அக்கா. அதே கிருமி கிடைக்காது. நாலு வருஷமா நான் படிச்சது அந்த ஒண்ணைத்தான்."

"ஊர்ல ஆளுங்க நெறைய பேரு கெடைப்பாங்க. அந்த ஆளு கெடைக்கமாட்டான்."

"ஆமா."

அவர் வழக்கமான வாக்கியத்தைச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பங்காரப்பேட்டை வந்தது, போனது. மாலூர் போனது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். ஒயிட்ஃபீல்டு நெருங்கும்போது குரலை இறக்கி, "ஒண்ணு கீது" என்றார். "ஆனா அது இருக்கவே கூடாதது."

ஐந்து வருடத்துக்கு முன்பு, நான் சேர்வதற்கும் முன்னால் நடந்தது. தங்கவயலில் ஒரு கல்லூரியில் உயிரியல் ஆசிரியை ஒருவர், அக்காவின் வீட்டுப் பக்கத்தில் குடியிருந்தவர், கேட்டிருக்கிறார். நம் ஊர் மண்ணில் கிடைத்த கிருமியாமே, என் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்று வேண்டும் என்று. ஆய்வகத்திலிருந்து எந்த உயிரியும் வெளியே போகப் படிவம் உண்டு. தலைவர் கையெழுத்து வேண்டும். சார் அப்போது வெளிநாட்டில். கல்லூரியில் செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது. அக்கா சீனியரைக் கேட்டார். அவர் சின்னக் கண்ணாடிக் குழாயில் அகர்க் கூழை ஊற்றி, ஊசியால் கிருமியைக் குத்தி, மூடியிட்டுக் கொடுத்துவிட்டார். படிவமில்லாமல் அக்காவின் கைப்பையில் அது தங்கவயலுக்குப் போய்விட்டது. சீனியர் அதை மறந்தே போயிருக்கவேண்டும்.

எனக்குச் சட்டென்று உடம்பில் உயிர் வந்தது. "அக்கா, யாருக்கும் சொல்லவேண்டாம். போய் எடுத்துட்டு வந்து பெட்டியில வெச்சிடலாம். உங்களுக்கும் பிரச்சனை இல்லை, எனக்கும் இல்லை."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. கோபம் இல்லை அதில். நான் ஏதோ காலாவதியான பொருளை நீட்டியதுபோல் பார்த்தார்.

"எங்க இருந்து வந்துச்சுன்னு நாளைக்கு யாருனா கேட்டா இன்னா எழுதுவ? ஒரு டப்பா உள்ள வந்தா எங்க இருந்து வந்துச்சுன்னு எழுதாம நான் தட்டுல வெச்சதில்ல. வெளிய அனுப்பினது மட்டும் ஒருவாட்டி எழுதல. அதான் தப்பு. மறுபடியும் பண்ணச் சொல்றியா?"

"வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆனா ஆவட்டும். போற வேலையா இருந்தா பொய் சொன்னாலும் போவும்."

அன்று காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் சார் அறையில் நின்றோம். நான் முதலில் என்னுடையதைச் சொன்னேன். அக்கா அவருடையதைச் சொன்னார், கன்னடத்தில், ஒரு வரி கூட்டாமல் குறைக்காமல். சார் மேஜைமேல் இருந்த பேனாவை மூடினார், திறந்தார். அக்காவிடம், "எழுத்தில் விளக்கம் கொடுங்கள். உங்களுக்கு மெமோ வரும்" என்றார். என்னிடம், "குழாயில் எழுத எந்தப் பேனா என்று முதல் வாரமே சொல்லித் தந்தோம் இல்லையா?" என்றார். அவ்வளவுதான். பிறகு இருவரையும் சேர்த்துப் பார்த்து, "அது உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்" என்றார். என்னை அன்று திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

சனிக்கிழமை கல்லூரிக்குப் போனோம். அந்த ஆசிரியை மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆய்வகம் திறந்திருந்தது, கண்ணாடி அலமாரி பூட்டியிருந்தது. சாவி அட்டெண்டரிடம். அட்டெண்டர் அவர் தங்கை பேத்தியின் காதுகுத்துக்கு ராபர்ட்சன்பேட்டை மண்டபத்தில்.

மண்டபத்துக்குப் போனோம். அழைப்பில்லாமல் நுழைந்த எங்களை வாசலிலேயே பன்னீர் தெளித்து வரவேற்றுவிட்டார்கள். அட்டெண்டர் அண்ணன் பட்டுவேட்டியில் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"சாவிதானே? இடுப்புலதான் கீது. முதல்ல குந்துங்க, சாப்டுங்க."

"அண்ணா, அவசரம்ணா. ஒரு உயிரு விஷயம்."

"யாரு உயிரு?" என்று அவர் பதறினார்.

"ஒரு பூச்சிண்ணா. கண்ணுக்குத் தெரியாதது."

"கண்ணுக்குத் தெரியாதது எங்கியும் ஓடிப்பூடாது. மட்டன் பிரியாணி சூடா கீது. சாப்ட்டாதான் சாவி."

சாப்பிட்டோம். நான் இலையில் பாதியை வைத்துவிட்டேன். அக்கா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். கம்மல் போட்டு அழுத குழந்தையின் கையில் ரூபாய்த் தாளை மடித்து வைத்துவிட்டு, அட்டெண்டர் குடும்பத்துப் பெண்கள் நால்வரோடு போட்டோவும் எடுத்துக்கொண்டார். அண்ணன் பட்டுவேட்டியோடு ஸ்கூட்டரில் முன்னால் போக, நாங்கள் ஆட்டோவில் பின்னால் போனோம்.

அலமாரியில் ஃபார்மலினில் மிதக்கும் தவளைகள், ஒரு நாடாப்புழு, எலும்புகள். எதிலும் இல்லை. கடைசித் தட்டில் பிரிக்காத சாக்பீஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பழைய மருந்துப்பெட்டி. அதற்குள் பஞ்சு சுற்றிய கண்ணாடிக் குழாய். மேலே அக்காவின் கையெழுத்து, எழுத்தின்மேல் செலோடேப் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த கூழ் சுருங்கி, காய்ந்த கோந்து மாதிரி மஞ்சளாக ஒரு பக்கம் ஒட்டிக்கிடந்தது.

"செத்துப்போச்சா?" என்றார் அக்கா.

"தெரியலை அக்கா."

கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட ஒரு தாளை வாங்காமல் அக்கா குழாயைத் தொடவில்லை. சனிக்கிழமை மதியம் முதல்வரின் வீட்டுக்கே போய் வாங்கினோம்.

திங்கட்கிழமை அந்தக் காய்ந்த கூழில் கொஞ்சம் சுரண்டி, ஊட்டக் கரைசலில் ஊறவைத்து, தட்டுகளில் இழுத்துப் பரப்பினேன். வழக்கமாக ஒரே நாளில் புள்ளிகள் தெரியும். செவ்வாய் ஒன்றுமில்லை. புதன் ஒன்றுமில்லை. மதிய உணவு நேரத்தில் அக்கா ஆய்வக வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். இன்னும் வரவில்லை என்று நான் தலையை ஆட்டினால் போய்விடுவார். வியாழனன்று சாரும் தன் அறையிலிருந்து வந்து தட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது தட்டின் ஓரத்தில், ரவை அளவுகூட இல்லாமல், வெளிர் மஞ்சளாக இரண்டு புள்ளிகள் இருந்தன.

நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கி ஸ்டோர்ஸுக்கு ஓடினேன். அப்படி ஓடக்கூடாது. அக்கா யாரோ ஒருவரோடு போனில் உருதுவில் பேசிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார். போனை அப்படியே மேஜையில் கவிழ்த்தார்.

"ரெண்டா?"

"ரெண்டு."

"ஒண்ணு போதுமே!" என்று கத்தி, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிள்ளினார். மேஜையில் கவிழ்ந்த போனிலிருந்து ஒரு குரல் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தோம். அதே ஆள்தான். ஐந்து மாதத்தில் கடைசிச் சோதனையும் முடிந்தது. அந்த மரபணுவை வெட்டியதும் சயனைடில் அது செத்தது. திரும்பச் சேர்த்ததும் பிழைத்தது.

அக்காவுக்கு மெமோ வந்தது. கோப்பில் இன்றும் இருக்கும். அதோடு சார் ஒரு புதிய விதியும் போட்டார். ஆய்வகத்தின் முக்கியமான உயிரி ஒவ்வொன்றுக்கும் வேறொரு ஊரில் ஒரு நகல் இருக்கவேண்டும், படிவத்தோடு. எங்கள் பாக்டீரியாவின் நகல் அதே கல்லூரி அலமாரிக்கு முறைப்படி திரும்பிப் போனது. "மெமோ எனுக்கு, ரூலு ஊருக்கு" என்று வண்டியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார் அக்கா. பூக்கார அம்மா மெமோ என்றால் பதவி உயர்வு என்று நினைத்து, அக்காவுக்கு ஒரு முழம் மல்லி சும்மாவே கொடுத்தார். அக்கா மறுக்காமல் வைத்துக்கொண்டார்.

கட்டுரை வெளியான பிறகு நடந்த ஒன்றோடு முடித்துக்கொள்கிறேன். நான் இப்போது வேறு ஊரில், வேறு ஆய்வகத்தில். அக்காவைப் பார்த்துச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனால் அவரை நினைத்தால் முதலில் வருவது அந்தப் பிற்பகல்தான்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு ஆய்வகம் எழுதியிருந்தது. அவர்களுக்கும் சயனைடு மண் பிரச்சனையாம். எங்கள் பாக்டீரியாவை அனுப்பமுடியுமா என்று கேட்டிருந்தார்கள். அது நாட்டைத் தாண்டிப் போவதற்கு வந்த முதல் கடிதம். சார் கையெழுத்துப் போட்டார். படிவத்தை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போனேன். நான் சொல்லச் சொல்ல, அக்கா கட்டம் கட்டமாகப் பெரிய எழுத்தில் நிரப்பினார். 'கிடைத்த இடம்' என்ற கட்டம் வந்தது. நான் நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன். அக்கா பேனாவைத் தூக்கினார்.

"இங்கியா கெடைச்சுது?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே எழுதிவிட்டார், ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தாக, கோலார் தங்க வயல் என்று. கட்டம் போதாமல் வயல் மட்டும் வெளியே வந்து நின்றது.

குழாயைப் பஞ்சில் சுற்றினார். பஞ்சின்மேல் இன்னொரு பஞ்சு. பெட்டியை ஒட்டிக்கொண்டே கேட்டார்.

"அங்கியும் தங்கச் சுரங்கமா?"

"ஆமா அக்கா."

"நம்ம ஊரு மாதிரி மூடிட்டாங்களா?"

"இல்லை. இன்னும் ஓடுதாம். அந்த ஊர்ல நிறையப் பேருக்கு அதுதான் வேலையாம்."

அக்கா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். பெட்டியின் நாலு மூலையையும் கட்டை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அப்போ நாளைக்கின்னு வெக்காத. இன்னிக்கே போவட்டும். நாலு மணி வண்டிய நான் புடிச்சி நிறுத்தறேன், நீ பெட்டிய எடுத்துனு வா."

கூரியர் வண்டி வாசலைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா செருப்பைக் கூட மாட்டாமல், கையை வீசிக்கொண்டு, "ஓய் அண்ணா, நில்லு!" என்று கத்தியபடி அதன் பின்னால் ஓடினார்.